நாலு கோளும் ஒரு காணி நெல்லும்

தலைவரே, என் ஒரு காணி நெல்லைக் கதிரிலேயே முளைக்க வைத்தது நீங்கள்தான்.

இதை உங்கள் முகத்துக்கு நேராக மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் சிரித்தீர்கள். அதனால் இப்போது எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. பத்தாவது வரை படித்தவள். பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அதே ஊரில் பக்கத்துத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு, முப்பது வருடமாக அதே ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிறவள். என் வீட்டுக்காரர் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நிலத்தைப் பார்ப்பது நான். நாற்று விடுவதிலிருந்து மூட்டை கட்டுவது வரைக்கும் நான்தான். அந்த நெல்லில்தான் வருடம் முழுக்க எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அரிசியைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது.

எங்கள் ஊரில் அறுப்பு எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் கோபம் புரியாது.

எங்கள் பாசன வெளிக்கு ரோட்டிலிருந்து இறங்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. மதகு தாண்டி ஒரு சின்னப் பாலம். அறுப்பு மெஷின் அந்தப் பாலத்தில்தான் இறங்க முடியும். ரோட்டோரத்து வயலை முதலில் அறுக்கும். அறுத்த தாளின் மேல் ஏறி இரண்டாவது வயலுக்குப் போகும். அதை அறுத்துவிட்டு மூன்றாவது. இப்படித்தான் உள்ளே உள்ளே போகும். உள் வயல்களுக்குத் தனியாக வண்டிப் பாதை கிடையாது, இருப்பதெல்லாம் வரப்புதான். என் நிலம் ஐந்தாவது. முன்னால் இருக்கும் நாலு பேர் அறுக்காமல் என் வயலுக்கு மெஷின் வர வழியில்லை. விளைந்து நிற்கிற பயிரின் மேல் அந்தக் கனத்த வண்டியை ஏற்ற யார் சம்மதிப்பார்கள்?

அதனால் நாளைக் குறிப்பது நீங்கள் தலைவராக இருக்கும் ஏரிப் பாசனச் சங்கம். மெஷினைப் பேசுவதும் சங்கம். ஒரு நாள் இறங்கினால் நாலைந்து நாளில் மொத்த வெளியும் முடிந்துவிட வேண்டும். ரோட்டோரத்துக்காரர் தன்னுடையதை மட்டும் அறுத்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்ப முடியாது, சங்கம் விடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு. இதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. போன வருடம் தையில் அந்த நல்ல ஏற்பாட்டையே எடுத்து என் கழுத்தில் போட்டு இறுக்கினீர்கள்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வெள்ளைப் பொன்னி தலைசாய்ந்து நின்றது. சனிக்கிழமை மெஷின் இறங்குவதாகப் பேச்சு. வியாழக்கிழமை காலையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கோயில் ஒலிபெருக்கியில் உங்கள் குரல் கேட்டது.

"ஊர் ஜனங்களுக்கு ஒரு முக்கியமான அறிவிப்பு. வானத்துல எல்லா கிரகமும் ஒரே நேர்கோட்டுல வந்து நிக்குது. இது ரொம்பக் கெட்ட நேரம். நாளையிலேந்து பதினோரு நாளைக்கு நம்ம வெளியில மெஷின் எறக்கக் கூடாது. மீறி எறக்கறவங்களுக்கு அடுத்த போகத்துல மதகுத் தண்ணி கடைசி முறைதான். இது சங்கத்தோட முடிவு."

சங்கத்தின் முடிவாம். சங்கத்தில் நானும் உறுப்பினர். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கடைசி முறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பள்ளத்து வயலாக இருந்தாலும் கடைசி முறையில் வருவது சேறுதான். நானும் ராகு காலம் பார்க்கிறவள்தான். கிரகணத்தன்று சமைத்த சோற்றில் தர்ப்பை போடுகிறவள்தான். பகுத்தறிவு பேசிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை. அதனால் ஒரு நாள் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை பாகூர் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே உரக்கடை வைத்திருக்கும் பாய்தான் எங்கள் ஊருக்கு மெஷின் ஏற்பாடு செய்து கொடுப்பவர். என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"யக்கா, இன்னாக்கா உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஜுரமா? ஆத்தூர்லேந்து வண்டி வந்து நிக்குது. உங்க தலைவரு போன் போட்டு வோணாங்கறாரு."

"கிரகம் நேர்கோட்டுல நிக்குதாம் பாய்."

"நிக்கட்டுமேக்கா. அது பாட்டுக்கு மேல நிக்குது, வண்டி கீழ ஓடப்போவுது. நாங்களும் வானத்தப் பாக்கறவங்கதான். பொற தெரிஞ்சாதான் எங்களுக்கு நோம்பு, பொற தெரிஞ்சாதான் பெருநாளு. அதுக்காவ பொறையப் பாத்துட்டு எவனாவது வௌஞ்ச நெல்ல வயல்ல வுட்டுட்டுக் குந்திகினு இருப்பானா?"

"வண்டிய ரெண்டு நாளு நிறுத்தி வைங்க பாய். பேசிப் பாக்கறேன்."

"ரெண்டு நாளு சொல்லிப் பாக்கறேன். அதுக்கு மேல நிக்க மாட்டான்கா. வாய்க்காலுக்கு அந்தாண்ட ஊர்லேந்து நேத்தே கூப்ட்டாங்க. அங்க ஓட்டிகினு போயிடுவான். அப்புறம் விழுப்புரம் பக்கம் போனான்னா உங்க கண்ணுலயே பட மாட்டான்."

அன்று சாயங்காலமே எனக்கு முன்னால் இருக்கும் நாலு வயல்காரர்களையும் பார்த்தேன். ரோட்டோரத்துக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எறக்கச் சொன்னா எறக்கறேன். தண்ணி கடைசி முறைன்னுட்டாரே, அத யாரு கேக்கறது?" என்றார். இரண்டாவது வயல் என் வயதுக்காரி ஒருத்தியுடையது. அவள் மகன் போனில் ஏதோ காட்டியிருக்கிறான்.

"பூமியே ஆடுமாம்டி" என்றாள்.

"ஆடினா ஆடட்டும். நெல்லு வயல்ல நின்னாதான் ஆடுமா, மூட்டையில இருந்தா ஆடாதா?"

"நீ எல்லாத்துக்கும் ஒரு எதிர்ப்பேச்சு வெச்சிருப்ப. போடி."

மூன்றாவதும் நாலாவதும் அண்ணன் தம்பி. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் சொன்னார், "அவன் அறுத்தா நான் அறுக்கறேன்." தம்பியிடம் போனேன். "அவரு அறுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்." ஆறு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், "ஊரோட ஒத்துப் போயேன். பதினோரு நாளுதான" என்கிறார். பதினோரு நாள். தையில் முற்றிய பொன்னி பதினோரு நாள் நிற்குமா என்று கம்பெனி கேட்டில் நிற்கிறவருக்கு எங்கே தெரியும்?

என் அண்ணன் மகள் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்கள் தெருக்கோடியில்தான் வீடு. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவளை வயலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "எனக்குக் காட்டு. நேர்கோடுங்கறாங்களே, எங்க அது?" என்றேன்.

வானம் தெளிவாக இருந்தது. மேற்கே, ஏரிக்கரைப் பனைமரங்களுக்கு மேலே, ஒன்று விளக்கு மாதிரி வெள்ளையாக எரிந்தது. "அது வெள்ளி அத்தை. அதுக்குக் கீழ மங்கலா ஒண்ணு இருக்குது பாருங்க, அது சனி." தலைக்கு மேலே ஒன்றைக் காட்டினாள். "வியாழன், குருன்னு சொல்றது." பிறகு கிழக்கே திரும்பச் சொன்னாள். தென்னந்தோப்புக்கு மேலே கொஞ்சம் சிவப்பாக ஒன்று. "செவ்வாய். கண்ணுக்குத் தெரியறது இந்த நாலுதான். இன்னும் ரெண்டு இருக்குது, டெலஸ்கோப் வெச்சாதான் தெரியும்."

நான் மேற்கிலிருந்து கிழக்கு வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கோடியில் இரண்டு, நடுவில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தேகம்தான். சங்கக் கட்டடத்தின் சுவரில் நீங்கள் ஒட்டிவைத்த படத்தில் எல்லாக் கோளும் கயிற்றில் கோத்த மணி மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கிறதே.

"இன்னாடி இது, ஊருக்கு ஒண்ணா செதறிக் கெடக்குது? கோடு எங்க?"

"அந்தப் படம் பொய் அத்தை. அதுல பூமியும் வரிசையில நிக்குது, கவனிச்சீங்களா? அப்ப நாம எங்கேந்து பாக்கறோமாம்?"

நான் யோசித்தேன். சிலிண்டருக்கோ எதற்கோ வரிசையில் நிற்கிறோம். வரிசையின் உள்ளே நிற்கிறவளுக்கு முன்னால் இருப்பவளின் பின்னந்தலை மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் பத்துப் பேர் நின்றாலும் தெரியாது. இந்தக் கோள்கள் உண்மையிலேயே நம்மோடு ஒரே கோட்டில் நின்றால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு ஒரே புள்ளியாகத்தான் தெரிய வேண்டும். இப்படி வானம் முழுக்கப் பரவித் தெரிகிறது என்றாலே அவை கோட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். இதை அவளிடம் சொன்னேன். "எங்க பசங்க இத சொன்னா நூத்துக்கு நூறு போடுவேன்" என்று சிரித்தாள்.

"அப்ப எதத்தான் நேர்கோடுன்னு சொல்றான்?"

"பகல்ல சூரியன் எந்த வழியா போவுது? கெழக்கால ஏறி, தோப்பு மேல வந்து, ஏரிப் பக்கம் எறங்குது இல்ல? கோளுங்களும் ஏறக்குறைய அதே வழியிலதான் போவும். எல்லாம் சூரியனச் சுத்தறது ஏறக்குறைய ஒரே தட்டுல. தட்டுக்குள்ள நின்னுகினு பாக்கற நமக்கு அது ஒரு கோடு மாதிரி தெரியுது. வில்லியனூர் ரோட்டுல பத்து பஸ்ஸு போவுதுன்னா பத்தும் ரோட்டு மேலதான போவும்? ஐயோ, பத்தும் ஒரே கோட்டுல நிக்குதேன்னு யாராவது பயப்படுவாங்களா? எப்பவும் அந்தக் கோட்டுலதான் இருக்குது. இந்த மாசம் நாலஞ்சு ஒண்ணா சாயங்காலத்துல கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான் சேதி."

அதற்கு மேல் அவள் செய்ததுதான் என் மனதில் நின்றது. நன்றாக இருட்டியிருந்தது. தூரத்தில் மூன்று மோட்டார் கொட்டகைகளில் பல்பு எரிந்தது. நாங்கள் நின்ற வரப்பிலிருந்து பார்த்தால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், ஒரு வீட்டு வாசலில் மாட்டிய விளக்குகள் மாதிரி இருந்தன. "நடங்க" என்றாள். வரப்பிலேயே பாலம் வரை நடந்தோம். திரும்பிப் பார்த்தால் ஒரு பல்பு வலப்பக்கம் எங்கேயோ போய்விட்டது, ஒன்று கிட்டத்தில், ஒன்று கண்ணுக்கெட்டாத தூரத்தில். அந்தக் கொட்டகைகளை எனக்குத் தெரியும். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே எத்தனை வயல் இருக்கிறது என்று கால்கணக்கில் சொல்வேன். ஆனாலும் அந்த வரப்பில் நின்றபோது என் கண் ஏமாந்தது. பல்பு எதுவும் நகரவில்லை. நகர்ந்தது நான்.

"வெள்ளியோட வெளிச்சம் இங்க வர நாலஞ்சு நிமிஷம் ஆவும் அத்தை. சனியோடது வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். ரெண்டும் பக்கத்துல நிக்கிற மாதிரி நமக்குத் தெரியுது. அதுங்களுக்கு ஒண்ணை ஒண்ணு தெரியவே தெரியாது."

"பூமி ஆடுமாமே?"

"பூரணாங்குப்பத்துக் கடல்ல தண்ணி ஏறி எறங்குதே, அதத் தூக்கறது நிலாவும் சூரியனும்தான். இந்த நாலும் சேந்து இழுத்தாலும் அந்தக் கடல நூலளவு கூடத் தூக்க முடியாது. இதுல உங்க நெல்ல இன்னா பண்ணப் போவுது?"

இதுதான் கிரகங்கள் நேர்கோட்டில் வருவதன் மொத்தக் கதை. ஒரு சாயங்காலத்தில், ஒரு வரப்பில், பத்தாவது படித்த எனக்கே விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். நினைவிருக்கிறதா? டிபன் தட்டை வைத்துக்கொண்டு, "டீச்சருக்கு இன்னாம்மா தெரியும்? இது சாஸ்திரம். ஜோசியம் தெரிஞ்சவங்க சொன்னாதான் கேக்கலாம்" என்றீர்கள்.

சரி, சாஸ்திரத்தையே கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறி வில்லியனூர் போனேன். எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்த ஜோசியர் அங்கே இருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சாங்கத்தைத் தட்டென்று மேஜை மேல் போட்டார்.

"இதோட நாலாவது ஆளு நீங்க. யாரும்மா கெளப்பி வுட்டது? இங்க பாருங்க. சுக்கிரன் மீனத்துல. சனி கும்பத்துல. குரு ரிஷபத்துல. செவ்வாய் மிதுனத்துல. நாலு பேரும் நாலு வீட்டுல குந்திகினு இருக்காங்க. ஒரே வீட்டுல அஞ்சாறு கிரகம் கூடினாதான் நாங்க சேர்க்கைன்னு சொல்லுவோம். இது சேர்க்கையே கெடையாது."

"மீதி ரெண்டு கிரகம்னு சொல்றாங்களே சாமி?"

"அந்த ரெண்டுக்கும் எங்க பஞ்சாங்கத்துல வூடே கெடையாது. எனக்குத் தெரியாத ரெண்டு பேருக்காவ நான் எப்படிப் பலன் சொல்றது? அறுப்புக்கு நாள் கேட்டீங்கன்னா திங்கக்கெழமை நல்லா இருக்குது. போய் அறுங்க."

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே உங்களுக்குப் போன் போட்டேன். டீச்சர் சொன்னது வேண்டாம், ஜோசியரே நல்ல நாள் என்கிறார் என்றேன். அதற்கு நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "அவரு பழைய ஆளும்மா. பஞ்சாங்கத்துல இதெல்லாம் வராது. இது அமெரிக்காக்காரன் மெஷின் வெச்சிக் கண்டுபுடிச்சது. விஞ்ஞானம்."

தலைவரே, டீச்சரைக் கூட்டி வந்தால் சாஸ்திரம் என்கிறீர்கள். ஜோசியரைக் கூட்டி வந்தால் விஞ்ஞானம் என்கிறீர்கள். விஞ்ஞானி கண்டது நாலு கோள் சாயங்காலத்தில் தெரிகிறது என்பதை மட்டும். அவர் கெட்ட நேரம் என்று சொல்லவில்லை. ஜோசியர் கெட்ட நேரம் பார்ப்பவர்தான், ஆனால் இது கெட்ட நேரம் இல்லை என்கிறார். அங்கே பாதி, இங்கே பாதி பிய்த்து ஒட்டி உங்கள் போனில் எவனோ அனுப்பியதை இரண்டு பேருக்கும் தெரியாத மூன்றாவது சாஸ்திரமாக ஆக்கி எங்கள் தலையில் கட்டினீர்கள்.

அன்றைக்கே மெஷின் வாய்க்காலைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்து வெளியில் அது உறுமுகிற சத்தம் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்டது. மூன்று நாள் கேட்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பொறுக்க முடியாமல் செவ்வாய்க்கிழமை அரிவாளை எடுத்தேன். என்னோடு நாலு பெண்கள் வந்தார்கள். கையால் அறுத்துப் பழக்கம் விட்டுப்போன காலம் இது. மதியத்துக்குள் எல்லோருக்கும் இடுப்பு விட்டுவிட்டது. கட்டுக் கட்டி, தலையில் வைத்து, நாலு வயல் வரப்பு தாண்டி ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். நீங்கள் ஸ்கூட்டரில் வந்து பாலத்தில் நின்றீர்கள்.

"ஏம்மா, ஊர்க் கட்டுப்பாட்ட மீறறியா?"

"மெஷின் எறக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? இது அருவா."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. உன்கூட அறுக்கறவங்களுக்கும் சேத்துதான் தண்ணி முறை, ஞாபகம் வெச்சிக்க."

மறுநாள் நாலு பேரில் ஒருத்திதான் வந்தாள். மற்றவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரு காணி என்றால் நூறு குழி, அதில் இரண்டு நாளில் நாங்கள் அறுத்தது இருபது குழி கூட இருக்காது. மூன்றாம் நாள் எனக்குக் கையில் வீக்கம். நிறுத்திவிட்டேன்.

நீங்கள் சொன்ன பதினோரு நாளில் எட்டாம் நாள் கடல் காற்று ஈரமாக அடித்தது. சாயங்காலம் தூறல். பிறகு இரண்டு நாள் விடவில்லை. தையில் இப்படிப் பெய்வது புதிதில்லை. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பிறகும் ஒரு மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நெல் முற்றியதும் ஒரு நாள்கூட விடாமல் அறுக்கிறோம். பொன்னி உயரமான பயிர், தண்ணீர் ஏறிய கதிரைத் தாங்காது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. முன்னால் இருக்கும் நாலு வயலும் மேடு, தண்ணீர் வடிந்துவிட்டது. வடிந்ததெல்லாம் என் பள்ளத்தில் வந்து நின்றது. வரப்பை வெட்டி வடியவிட்டேன். வடிய இன்னும் மூன்று நாள் ஆனது.

பிறகு சேற்றில் இறங்கி ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முளை, பிள்ளைக்கு முளைக்கிற பால்பல் மாதிரி. விதைக்கும்போது அந்த முளையைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். அதே முளையைக் கதிரில் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நாரைகள் எழுந்து பறந்தன. வேறு யாரும் இல்லை.

மெஷின் விழுப்புரம் பக்கம் போய்விட்டிருந்தது. பாய் எங்கெங்கோ பேசி, சேற்றில் இறங்குகிற ஒரு பெல்ட் வண்டியைக் கொண்டுவர மேலும் ஒரு வாரம் ஆனது. என் வயலில் அது அறுத்தது பாதி, மிதித்தது பாதி. வந்த நெல் கறுத்திருந்தது. அரைத்தால் நொய். வடித்தால் சோற்றில் புளிச்ச வாடை. மாட்டுக்குத்தான் போட்டேன். கையால் அறுத்த அந்த இருபது குழி நெல்தான் வீட்டுக்கு வந்தது. அது பங்குனிக்கே தீர்ந்தது. அப்புறம் கடை அரிசிதான். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஊரோடு ஒத்துப் போகச் சொன்னவர் ஆயிற்றே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனிதன் தப்புச் செய்வான். தெரியாமல் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். மாசியில் நடந்த சங்கக் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"பாத்தீங்களா? நான் சொன்னப்ப சிரிச்சாங்க. தை மாசத்துல மழ! கிரகம் நேர்கோட்டுல நின்னா சும்மா வுடுமா? அன்னிக்கே சொன்னனா இல்லையா?"

கூட்டத்தில் தலைகள் ஆடின. "தலைவரு வாக்கு பலிச்சிடுச்சி" என்று ஒருவர் சொன்னார். அவருடைய நெல்லும் நனைந்ததுதான். நனைந்த நெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு, நனைய வைத்தவரின் வாக்கு பலித்தது என்கிறார். தலைவரின் முன்யோசனைக்கு நன்றி என்று தீர்மான நோட்டில் ஒரு வரி வேறு எழுதினீர்கள்.

நான் எழுந்து கேட்டேன். "வாய்க்காலுக்கு அந்தாண்ட ஊர்ல வேற வானமா? அவங்க தலைக்கு மேல இந்தக் கிரகம் நிக்கலயா? அவங்க ஊர்ல மழ பெய்யலயா? அதே கிரகம், அதே மழ. அவங்க நெல்லு மூட்டையில இருக்குது, நம்ம நெல்லு மாட்டு வயித்துல இருக்குது. நடுவுல வித்தியாசம் நீங்கதான அண்ணே?"

நீங்கள் சிரித்தீர்கள். "உக்காரும்மா. கோவத்துல பேசற" என்றீர்கள். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன். அதுவும் தப்பு. நின்றிருக்க வேண்டும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மறுபடியும் அந்தப் படம் வந்துவிட்டது. அதே மணி கோத்த படம். இந்த மாசியில் ஆறு கிரகம் நேர்கோட்டில் நிற்கப்போகிறதாம். இரண்டாவது வயல்காரியின் மகன் எனக்கே அனுப்பியிருக்கிறான். என் அண்ணன் மகளிடம் கேட்டேன். "இன்னும் எத்தனையோ தடவ வரும் அத்தை. ஒவ்வொரு தடவையும் வருவீங்களா வரப்புக்கு?" என்றாள். அந்தப் பாதையில்தானே அவை போகின்றன. நாலு தெரியும், ஆறு தெரியும், பார்க்கக்கூட அழகாகத்தான் இருக்கும். ஏரி பிந்தித் திறந்ததால் இந்த முறை என் நடவும் பிந்திவிட்டது. என் கதிர் முற்றுவது சரியாக அதே மாசியில். நான் ஐந்தாவது வயல்தான். முன்னால் நாலு பேர், அவர்களுக்கு முன்னால் நீங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மெஷினுக்குச் சொல்வதற்கு முன் கடைசிக் கூட்டம் அதுதான். நான் வருகிறேன், இந்த முறை வெளியே போக மாட்டேன். என் வீட்டில் வந்து தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எல்லா வயல்காரர்கள் முன்னாலும் எழுந்து நில்லுங்கள் தலைவரே. போன வருடம் அறுப்பை நிறுத்தச் சொன்னது யார், எந்த ஜோசியர், எந்த விஞ்ஞானி என்று சொல்லுங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இந்த மாசியில் வானத்தில் ஆறு கோள் தெரிந்தால் என் வயலுக்கு மெஷின் வருமா, வராதா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.